ஊசிநூல் வளர்க்கும் உறவு

கைவேலையொன்றைப் பிறரோடு அமர்ந்து கற்பதும், கற்றதை எழுதி வைப்பதும் மனிதரை நெருக்கமாக இணைக்கும் என்பதற்குக் கண்டியின் பூத்தையல், அதாவது துணிமீது வண்ண நூலால் உருவங்களைத் தைக்கும் கலை, அரிய சான்றாக விளங்குகிறது.

1903 முதல் 1906 வரை இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுத்துறையை வழிநடத்திய கலாயோகி ஆனந்த குமாரசுவாமி, கண்டி நாட்டுக் கைவினைஞரின் தொழில்முறைகளைத் தேடிப் பதிவு செய்தபோது, அவருடைய துணைவியார் எதெல், பருத்தித் துணியில் சிவப்பு, நீல நூல்களால் கண்ணிகண்ணியாகக் கோக்கப்படும் சங்கிலித் தையலிலும் கைத்தறியிலும் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டார். அவர் எடுத்த ஒளிப்படங்கள், 1908ஆம் ஆண்டு வெளிவந்த, இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய குமாரசுவாமியின் பெருநூலுக்கு அணிசேர்த்தன.

பின்னாளில் எதெல் மைரே என்ற பெயரில் இங்கிலாந்தின் டிட்ச்லிங் கிராமத்தில் அவர் நிறுவிய நெசவுப் பட்டறை, பல ஊர்ப் பெண்கள் கூடி நூற்று, நெய்து, தோழியராகும் இடமாயிற்று; தாவரச் சாயங்கள், அதாவது வேர், பட்டை, இலை ஆகியவற்றிலிருந்து பெறும் நிறங்கள், குறித்துத் தாம் அறிந்தவற்றை 1916இல் அவர் நூலாகவும் வெளியிட்டார்.

இன்று கண்டியிலோ, கட்டுகஸ்தோட்டையிலோ, பேராதனையிலோ அயலவர் சிலர் வாரம் ஒருமுறை கம்பளிநூல் பின்னக் கூடி, கற்றதைத் தமிழில் எழுதி வைப்பார்களாயின், கலையும் வாழும், தனிமையும் நீங்கும்.