நம்ம கதையை நாமே எழுதுவோம்

(கூட்டமைப்புச் செய்திமடலுக்கு எழுதும் உறுப்பினர்களுக்கான ஒருநாள் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



செய்திமடலுக்கு உங்ககிட்ட இருந்து வர்ற கடிதங்களை நாங்க ஒவ்வொன்றாகப் படிக்கிறோம். கணக்கு நோட்டில் கிழிச்ச தாளில் வருது. பிள்ளையோட பரீட்சை அட்டைக்குப் பின்பக்கம் எழுதினது வருது. இப்போ நிறைய பேர் போனிலேயே எழுதி அனுப்புறாங்க. எதில் எழுதினாலும் சரி, எங்களுக்கு ஒண்ணுதான். ஆனா படிக்கும்போது ஒரு விஷயம் திரும்பத் திரும்பக் கண்ணில் படுது.

கடிதம் இப்படி ஆரம்பிக்கும்: “எங்கள் குழு மிகவும் சிறப்பாகச் செயல்பட்டு வருகிறது. உறுப்பினர்கள் அனைவரும் ஒற்றுமையாக இருக்கிறோம். பெண்கள் முன்னேறினால் நாடு முன்னேறும்.” இப்படியே ஒரு பக்கம் ஓடும். கடைசியில், இடம் இல்லாததால் பொடி எழுத்தில், ஒரு வரி இருக்கும்: “எங்க ஊர்ல ரேஷன் கடை மாசத்துல ரெண்டு நாள்தான் திறக்குறாங்க, கூலி வேலைக்குப் போறவங்க அரிசி வாங்க முடியல.” அக்கா, செய்தி அந்த ஒரு வரிதான்! மத்ததெல்லாம் மேடையில் யாரோ பேசிக் கேட்டது. அந்தக் கடைசி வரியை முதல் வரியாகப் போடுங்க. எந்த ரெண்டு நாள், எத்தனை மணிக்குத் திறந்தாங்க, எத்தனை பேர் திரும்பிப் போனாங்க என்று அதுக்குக் கீழே எழுதுங்க. அரைப் பக்கம் தாராளமாகப் போதும்.

“எனக்கு நல்ல தமிழ் வராது சார், எட்டாவதுதான் படிச்சேன்” என்று சொல்றீங்க. நீங்க குழுக் கூட்டத்தில் பேசும்போது யாருக்காவது புரியாமல் போயிருக்கா? அந்தப் பேச்சையே எழுதுங்க. நாத்து முடி, களைக்கொத்து, முறுக்கு உழக்கு, வத்தக்கறவை என்று வேலையில் புழங்குற வார்த்தைகள் உங்ககிட்டதான் இருக்கு. பட்டணத்தில் உட்கார்ந்து எழுதுறவங்க அதைத் தேடி அலையுறாங்க. விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த எழுத்தாளர் பாமா, ‘கருக்கு’ என்ற தன் வாழ்க்கைப் புத்தகத்தைத் தன் ஊரில், தன் தெருவில் பேசுற பேச்சிலேயே எழுதினாங்க. 1992இல் வந்த புத்தகம் அது. இங்கிலீஷில் மொழிபெயர்த்தாங்க, 2000ஆம் ஆண்டு அதுக்குப் பரிசும் கிடைச்சது. ஊர்ப் பேச்சில் எழுதினதால் அந்தப் புத்தகத்துக்கு மதிப்பு குறையல.

எழுத உட்கார்ந்தா கை ஓடலைன்னா, முதலில் பக்கத்தில் இருக்கிற அக்காகிட்ட வாயால் சொல்லிப் பாருங்க. அவங்க எந்த இடத்தில் “ஐயோ, அப்புறம்?” என்று கேட்கிறாங்களோ, அங்கேயிருந்து எழுத ஆரம்பிங்க. போனில் பேசிப் பதிவு செய்துகொண்டு, பிறகு கேட்டுக் கேட்டும் எழுதலாம். பேசினா தானே எழுத்தாக்கித் தர்ற வசதியும் இப்போ போனில் இருக்கு. நல்லதுதான். ஆனா அது ‘களை’யைக் ‘கலை’ன்னு போட்டுடும், ஊர்ப் பேரை மாத்திடும். அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை சத்தம் போட்டுப் படிங்க. மூச்சு வாங்குற இடத்தில் வரியை வெட்டி ரெண்டாக்குங்க.

அடுத்தது ‘வெற்றிக் கதை’. இதைப் பத்திக் கொஞ்சம் அதிகமாகவே பேச வேண்டியிருக்கு.

எல்லாச் செய்திமடலிலும் இது இருக்கும், நம்மதிலும் இருக்கு. “குழுவில் சேர்ந்தார். கடன் வாங்கினார். கறவை மாடு வாங்கினார். இன்று மகிழ்ச்சியாக வாழ்கிறார்.” நாலே வரி. இதைப் படிக்கிற வேற ஊர் உறுப்பினர் என்ன நினைப்பாங்க? நாமளும் கடன் வாங்கினா மாடு வாங்கலாம், மகிழ்ச்சியா வாழலாம்னு நினைப்பாங்க. அந்த நாலு வரியை நம்பி ஐம்பதாயிரம் கடன் வாங்கினா, தவணை கட்டப் போறது எழுதினவங்க இல்ல, படிச்சவங்கதான். அதனால் விட்டுப்போன வரிகளை எழுதியே ஆகணும்.

உதாரணத்துக்கு, அதே மாட்டுக் கதையை இப்படி எழுதிப் பார்ப்போம்: “கடன் ஐம்பதாயிரம், மாசத் தவணை 2,500. கன்னு போட்ட புதுசுல காலையில 4 லிட்டர், சாயங்காலம் 4 லிட்டர் கறந்தது. தவிடு, புண்ணாக்கு போக தவணைக்குச் சரியா இருந்தது. ஏழாவது மாசத்துல ஒரு நாளைக்கே 3 லிட்டர்தான். ரெண்டு தடவை சினை ஊசி போட்டும் நிக்கல. கறவை நின்ன பிறகு மூணு மாசம் களையெடுப்புக் கூலியிலதான் தவணை கட்டினேன். அந்த மூணு மாசமும் குழுவுல சந்தா கட்ட முடியல, அக்காமார் பொறுத்துக்கிட்டாங்க. இப்போ ரெண்டாவது கன்னு போட்டிருக்கு. கறவை வத்துற காலத்துக்குன்னு மாசம் 500 தனியா எடுத்து வெக்கிறேன்.”

இதுவும் வெற்றிக் கதைதான்! சொல்லப் போனா இதுதான் வெற்றி. இதைப் படிச்சிட்டு மாடு வாங்குற அக்காவுக்கு, வத்துற காலம்னு ஒண்ணு வரும், அதுக்குப் பணம் ஒதுக்கணும்னு தெரிஞ்சிருக்கும். மாடே வேண்டாம், ரெண்டு வெள்ளாடு போதும்னு முடிவு பண்ணினாலும் அது கண்ணைத் திறந்துகொண்டு எடுத்த முடிவு. “கஷ்டத்தை எழுதினா குழுவுக்குக் கெட்ட பேரு, அடுத்த கடன் கிடைக்காது” என்று சில பேர் பயப்படுறாங்க. பயம் புரியுது. ஆனா கஷ்டத்தில் தவணை எப்படிக் கட்டினோம் என்று எழுதுற குழுவைப் பார்த்து எந்த வங்கியும் பயப்படத் தேவையில்லை என்பது எங்க எண்ணம்.

மேலே எத்தனை எண் வந்தது, கவனிச்சீங்களா? எழுத்துத் தொழில் பண்றவங்க இந்த மாதிரி எண்ணுக்காக நாலு இடம் அலையணும். நமக்கு அந்தக் கவலை இல்லை. தீர்மானப் புத்தகம் இருக்கு, சேமிப்புப் பேரேடு இருக்கு, பால் சொசைட்டி அட்டை இருக்கு. எழுத உட்காரும்போது அதைப் பக்கத்தில் வெச்சுக்குங்க. “நிறைய பேர்” என்று எழுதாதீங்க, 12 பேருன்னா 12 பேர். “சில நாட்களுக்கு முன்பு” வேண்டாம், தேதி போடுங்க. மனு கொடுத்த செய்தின்னா எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் கொடுத்தீங்க, ரசீது எண் என்ன, பதில் வந்ததா இல்லையா, இவ்வளவும் வேணும். கண்ணால் பார்த்தது வேற, காதால் கேட்டது வேற. கேட்டதை “சொன்னாங்க” என்றே எழுதுங்க. யார் மேலயாவது புகார்னா அவங்க என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டு அதையும் சேர்த்துடுங்க.

இப்போ வேற ஊர்ச் சங்கதி ஒண்ணு. உத்தரப் பிரதேசத்தில் சித்ரகூட் என்று ஒரு மாவட்டம் இருக்கு. 2002ஆம் ஆண்டு அங்கே ‘கபர் லஹரியா’ன்னு ஒரு பத்திரிகை ஆரம்பிச்சாங்க. பெயருக்கு ‘செய்தி அலைகள்’ என்று அர்த்தம். டெல்லியில் இருக்கிற நிரந்தர் என்ற பெண்கள் அமைப்பு துணைக்கு நின்னது. செய்தி சேகரிச்சது, எழுதினது, ஊர் ஊராகக் கொண்டுபோய் வித்தது எல்லாம் கிராமத்துப் பெண்கள்தான், அதில் பலர் தலித் பெண்கள். அந்தப் பகுதியில் பேசுற புந்தேலி மொழியிலேயே எழுதினாங்க. 2009இல் யுனெஸ்கோவின் எழுத்தறிவுப் பரிசு கிடைச்சது. இப்போ காகிதத்தை விட்டுட்டு, போனில் படம் எடுத்து இணையத்தில் செய்தி போடுறாங்க.

இவங்களைப் பத்தி 2021இல் ஒரு ஆவணப்படம் வந்து, 2022இல் ஆஸ்கர் பரிசின் இறுதிப் பட்டியல் வரைக்கும் போனது. ஊரே கொண்டாடுச்சு. ஆனா அந்தப் பெண்கள் என்ன செஞ்சாங்க தெரியுமா? படம் அருமையாத்தான் இருக்கு, ஆனா அது எங்க கதையில் ஒரு பகுதி மட்டும்தான், ஒரே ஒரு கட்சியைப் பத்தியே நாங்க செய்தி போடுற மாதிரி காட்டுது, நாங்க அப்படி இல்ல என்ற கருத்தில் அறிக்கை விட்டாங்க. உலகமே பாராட்டும்போதும் “இது முழுசு இல்ல” என்று சொல்ல அவங்களால் முடிஞ்சது. இருபது வருஷமா சொந்தமா எழுதி வெச்சிருந்தாங்களே! எங்க செய்தியைப் பாருங்கன்னு எடுத்துக் காட்ட அவங்க கையில் இருந்தது. நம்ம ஊருக்கும் வந்து போட்டோ எடுக்கிறாங்க, கதை கேட்கிறாங்க. அவங்க போன பிறகு நம்ம கையில் என்ன இருக்கு?

அப்படி யாராவது கதை கேட்டு வந்தா, எங்கே வரும், என் பேரு போடுவீங்களா, வந்ததும் ஒரு பிரதி தருவீங்களான்னு மூணு கேள்வி கேளுங்க. தொண்டு நிறுவனம்னாலும் இதே கேள்விதான். கூச்சப்பட வேண்டாம்.

அடுத்தவங்க நம்மகிட்ட இதைக் கேட்கணும் என்றால், நாமளும் அடுத்தவங்ககிட்ட அதே மாதிரி நடந்துக்கணும். குழுவில் ஒரு தங்கச்சி அழுதுகிட்டே சொன்ன விஷயம் செய்தி இல்ல. அவங்க சரின்னு சொன்னா மட்டும்தான் எழுதலாம். எழுதின பிறகு அவங்களுக்குப் படிச்சுக் காட்டுங்க, வேண்டாம்னு சொன்ன வரியை அடிச்சுடுங்க. “பேரைத்தான் மாத்திட்டோமே” என்று சொல்லக் கூடாது. மேலத்தெரு, டெய்லர் வேலை, வீட்டுக்காரர் கேரளாவில் என்று எழுதினா, பேர் எதுக்கு? நம்ம ஊர் எவ்வளவு சின்னதுன்னு நமக்குத் தெரியாதா? அடி வாங்குறவங்க கதை வெளியே வந்தா, அன்னைக்கு ராத்திரி இன்னொரு அடி விழும். அதை நினைச்சுக்கிட்டு எழுதுங்க. பாலியல் கொடுமைக்கு ஆளான குழந்தைன்னா பேச்சுக்கே இடமில்லை. பேர், படம், முகவரி, பள்ளிக்கூடம், குடும்பம் எதையும் வெளியிடக் கூடாதுன்னு 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம் சொல்லுது. வாட்ஸ்அப்பில் அனுப்புறதும் வெளியிடுறது மாதிரிதான்னு நினைச்சு நடந்துக்குங்க.

வெளிப் பத்திரிகைக்கும், ரேடியோவுக்கும் எழுதணும்னு சில பேர் கேட்டிருந்தீங்க. தாராளமாக எழுதுங்க, சில இடங்களில் சன்மானமும் தர்றாங்க. முதலில் அந்தப் பத்திரிகையில் ரெண்டு மூணு இதழை வாங்கிப் படிச்சு, எவ்வளவு நீளம் போடுறாங்கன்னு பாருங்க. தாளில் ஒரு பக்கம் மட்டும் எழுதுங்க, ஓரத்தில் இடம் விடுங்க. பேர், முகவரி, போன் நம்பர், ‘இது என் சொந்தப் படைப்பு’ என்று ஒரு வரி. பிரதி எடுத்து வெச்சுக்கிட்டு அனுப்புங்க. ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் ரெண்டு இடத்துக்கு அனுப்பாதீங்க. சன்மானம் உண்டா என்று கேட்கிறது தப்பில்லை. களையெடுக்கப் போனா கூலி கேட்கிறோமில்ல? 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்க எழுதினது எழுதின நேரத்திலிருந்தே உங்களுடையது, எங்கேயும் பதிவு செய்யணும்னு கட்டாயம் இல்லை. அதே சட்டம் நமக்கும்தான். வாட்ஸ்அப்பில் வந்த கவிதையைப் பேர் மாத்தி அனுப்பாதீங்க. அந்த மாதிரியும் எங்களுக்கு வருது!

ஊறுகாய், சத்துமாவு விக்கிற குழுக்கள் போனில் விளம்பரம் எழுதுறீங்க. அங்கேயும் இதே விதிதான். என்னென்ன போட்டிருக்கு, எடை எவ்வளவு, என்ன விலை, எப்போ தயாரிச்சது என்று எழுதினா ஆள் வாங்குவாங்க. “சர்க்கரை நோய் அடியோடு போகும்” என்று எழுதாதீங்க. உணவுப் பொருளுக்குப் பொய் விளம்பரம் செய்தா பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் இருக்கு. நம்ம சுழல்நிதி தாங்குமா?

எழுத நேரம் எங்கே இருக்கு என்பீங்க. உண்மைதான். சமையல், தண்ணி, வேலைக்காடு எல்லாம் முடிஞ்சு ராத்திரி பத்து மணிக்கு எழுதுங்கன்னு சொல்ல எங்களுக்கு மனசு வரல. குழுக் கூட்டம் முடிஞ்சதும் ஒரு பத்து நிமிஷம் எல்லாரும் இருந்து, அந்த வாரம் நடந்ததில் ஒண்ணை மட்டும் எழுதுங்க. எழுதத் தெரியாத அக்கா சொல்லட்டும், எழுதத் தெரிஞ்ச தங்கச்சி எழுதட்டும். அப்படி வர்றதுக்கு ரெண்டு பேர் பேரையும் போடுவோம், சொன்னவங்க பேர்தான் முதலில் வரும். ஊக்குநர்தான் எழுதணும், பிரதிநிதிதான் எழுதணும்னு ஒண்ணும் இல்ல.

அடுத்த இதழுக்கு ‘கடன் வாங்கிச் செய்த தொழிலில் நஷ்டம் வந்தபோது என்ன செஞ்சோம்’ என்ற தலைப்பில் எழுதுங்க. அரைப் பக்கம். பேர் வேண்டாம்னா தாளின் மேலேயே ‘பேர் போட வேண்டாம்’ என்று எழுதிடுங்க, போட மாட்டோம். வர்ற 20ஆம் தேதிக்குள் ஊராட்சிக் கூட்டமைப்புக் கூட்டத்துக்கு வரும்போது கையில் கொண்டு வந்து கொடுத்துடுங்க. நாங்க ஏதாவது வரியை மாத்தினா, அச்சுக்குப் போகும் முன்னாடி உங்களுக்குப் போன் பண்ணிப் படிச்சுக் காட்டுவோம்.