அமோனியா: சட்டம் அறிந்த வாயு, அறியாத ஆலை

(கொச்சி தேவராவில் கடலுணவுத் தொழிலாளர்களிடையே ஆற்றப்பட்ட உரையின் சுருக்கம்)



தேவராவிலிருந்து பாலத்தைக் கடந்தால் வெல்லிங்டன் தீவு. அங்கிருந்த ‘ஃபாக்ட்’ நிறுவனத்தின் 10,000 டன் அமோனியாத் தொட்டியைக் காலி செய்யுமாறு கேரள உயர் நீதிமன்றம் 1994இல் ஆணையிட்டதை மூத்த தோழர்கள் மறந்திருக்கமாட்டார்கள். நகரமே அஞ்சிய தொட்டி அது. ஆனால் இறால் உறையவைக்கும் கூடங்களின் குழாய்களில் ஓடும் சில டன் அமோனியாவைக் குறித்து எந்த நகரமும் அஞ்சுவதில்லை. அதன் அருகில் நிற்பவர்கள் ஒப்பந்தப் பெண் தொழிலாளர்கள்.

2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதன ஆலையில் அமோனியா கசிந்து, ஏறத்தாழ 30 பெண்கள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அமோனியாவின் கொதிநிலை கழித்தல் 33 பாகை செல்சியஸ். குளிரூட்ட இதைவிடச் சிக்கனமான பொருள் அரிது. ஓசோன் படலத்துக்கும் கேடில்லை. ஆகவே வாயுவைப் பழித்துப் பயனில்லை. காற்றின் பத்து லட்சம் பங்கில் 300 பங்கை எட்டினால் அது உயிருக்கே ஆபத்து. காற்றைவிட இலேசானதாயினும், திரவமாகப் பீறிடும்போது ஈரக்காற்றோடு கலந்து வெண்பனியாய்த் தரையோடு படரும். கொச்சியின் மழைக்காலக் காற்றைப் பற்றிச் சொல்லவேண்டுமா?

விபத்துகள் பெரும்பாலும் பழுதுபார்க்கும் வேளையில் நிகழ்கின்றன. அமுக்கியிலிருந்து கசியும் எண்ணெய், அமோனியாவைவிடக் கனமானது. கலத்தின் அடியில் தேங்கும். அதை அவ்வப்போது வடிக்கவேண்டும். எண்ணெய் தீர்ந்ததும் அதே வால்வு வழியே திரவ அமோனியா பீறிடும். கைவிட்டவுடன் தானே மூடிக்கொள்ளும் வில்வால்வு அங்கு இருத்தல் வேண்டும். முகக்கவசத்தோடு இருவர் நிற்கவேண்டும். இரவுப் பணியில் ஒற்றை ஆளை நிறுத்துவது முதலாளிக்கு ஒரு கூலி மிச்சம், அவ்வளவே. கசிந்த வாயுவின்மீது நீரைத் தூவலாம். தேங்கிய திரவத்தின்மீது ஊற்றலாகாது, ஆவி பெருகும். கண்ணில் பட்டால் குறைந்தது 15 நிமிடம் நீரால் கழுவவேண்டும். இவற்றை எந்திர அறைக்காரர் அறிந்திருக்கக்கூடும். இறால் உரிக்கும் மேசையில் நிற்பவருக்கு யார் சொன்னார்கள்?

போபாலுக்குப் பின், 1987இல், தொழிற்சாலைச் சட்டத்தில் 41ஜி பிரிவு சேர்க்கப்பட்டது. அபாயத் தொழில்களில் தொழிலாளரும் நிர்வாகமும் சம எண்ணிக்கையில் அமரும் பாதுகாப்புக் குழு கட்டாயமாயிற்று. அச்சட்டத்தின் இரண்டாம் அட்டவணை அமோனியாவுக்குப் பத்து லட்சத்தில் 25 பங்கு என வரம்பு விதித்தது. முதல் அட்டவணையின் அபாயத் தொழில்களிலோ மீன் பதனம் பெயர் சொல்லி இடம்பெறவில்லை. வாயுவைச் சட்டம் அறியும். அது ஓடும் ஆலையை அறியாது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணியிடப் பாதுகாப்புத் தொகுப்போ, குழு அமைப்பதையே அரசின் ஆணைக்கு விட்டுவிட்டது.

ஆகவே, அமோனியா உள்ள ஒவ்வொரு ஆலையிலும் குழு அமைக்க மாநில அரசு ஆணையிடவேண்டும் எனத் தொழிற்சங்கம் கோரவேண்டும். அதில் ஒப்பந்தப் பெண்களுக்கும் இடம்பெயர் தொழிலாளர்க்கும் இடம் வேண்டும். ஆணை வரும்வரை காத்திராமல் இம்மாதமே செய்யத்தக்கவை உண்டு: கூரையில் காற்றுத்திசை காட்டும் துணிப்பை, ஒடியாவிலும் வங்காளத்திலும் அசாமியிலும் எச்சரிக்கைப் பலகை, காற்றுக்குக் குறுக்காக வெளியேறும் ஒத்திகை. இரவில் விடுதிக் கதவை வெளியிலிருந்து பூட்டும் ஆலை எதுவாயினும், அந்தப் பூட்டு முதலில் அகலவேண்டும்.