நிதானம் இருவகை: ‘பதேர் பாஞ்சாலி’ நாவலும் திரைப்படமும்

நிதானமாக நகரும் நாவலைப் பற்றியும் நிதானமாக நகரும் திரைப்படத்தைப் பற்றியும் இன்று இரண்டு வகைத் தீர்ப்புகளே பெரும்பாலும் வழங்கப்படுகின்றன. ஒரு சாரார் அதைச் சலிப்பு என்று ஒதுக்கி, படத்தை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்டிப் பார்த்து முடிக்கின்றனர். மறுசாரார் மெல்ல நகர்வதொன்றையே தகுதியாகக் கொண்டு அதனை உயர்ந்த கலை என்று போற்றுகின்றனர். முதல் தீர்ப்பு பொறுமையின்மையால் பிறப்பது, இரண்டாவது நாகரிகத்தால் பிறப்பது; இரண்டிலுமே படைப்பை உற்றுநோக்கும் உழைப்பு இல்லை. எழுத்தின் நிதானம் வேறு, திரையின் நிதானம் வேறு என்பதை உணராதவரை இவ்வகைப் படைப்புகளைப் பற்றிய வாதம் எதுவும் தெளிவுபெறாது. இதற்கு விபூதிபூஷண் பந்தோபாத்யாயவின் ‘பதேர் பாஞ்சாலி’ என்னும் வங்க நாவலையும், அதே பெயரில் சத்யஜித் ராய் எடுத்த படத்தையும்விடப் பொருத்தமான சான்று கிடைப்பது அரிது.

நிஷ்சிந்திபூர் கிராமத்துப் புரோகிதர் ஹரிஹர், அவர் மனைவி சர்வஜயா, மகள் துர்கா, மகன் அபு, அண்டி வாழும் மூதாட்டி இந்திர் தாகுருண் ஆகியோரின் கதையை நேயர்கள் அறிந்திருப்பர் என்பதால் இங்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. 1928ஆம் ஆண்டு தொடங்கி ‘விசித்ரா’ என்னும் வங்க இதழில் தொடராக வெளிவந்த இந்நாவல் 1929இல் நூலாயிற்று. ‘நாகம்மாள்’ ஆசிரியர் ஆர். சண்முகசுந்தரம் இதனைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். மூன்று பகுதிகள் கொண்ட இந்நூலில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கவை மிகச் சில. மூங்கில் தோப்பும், காட்டுக்கொடிகளும், மாங்காய் பொறுக்குவதும், தாயார் வாசிக்கக் கேட்ட பாரதத்தில் கர்ணனுக்காக அபு உருகுவதுமே பக்கங்களை நிரப்புகின்றன. ஆசிரியர் ஒன்றைச் சொல்லத் தொடங்கி, வேறொன்றின் அருகே நின்று, அதையும் பார்த்துவிட்டுப் பிறகே பழைய இடத்துக்குத் திரும்புகிறார். அடுக்கிச் சேர்ப்பதனால் உண்டாகும் நிதானம் இது; எழுத்தின் நிதானம் பெரும்பாலும் இவ்வகையைச் சேர்ந்ததே.

படத்தின் நிதானம் அவ்வாறு பிறந்ததன்று. அது வெட்டிக் கழிப்பதனால் பிறந்தது. நாவலின் சுருக்கப்பட்ட சிறுவர் பதிப்புக்கு ஓவியம் வரையும் பணியின்போதே ராய்க்கு இக்கதையைப் படமாக்கும் எண்ணம் தோன்றியது என்பது பலரும் அறிந்த செய்தி. சுருக்கப் பதிப்பின் வழியாக நாவலை அணுகியவர் எதை விடலாம் என்னும் கேள்வியுடனேயே அதனைப் படித்திருப்பார் என்று கருத இடமுண்டு. மூன்றாம் பகுதியாகிய காசி வாழ்க்கையை அவர் முற்றிலும் விட்டுவிட்டு, குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புவதோடு படத்தை முடித்தார். அப்பகுதி 1956இல் வெளிவந்த அவருடைய அடுத்த படமான ‘அபராஜிதோ’வுக்குச் சென்றது. நாவலில் முதற்பகுதியின் முடிவிலேயே, அபு விவரம் அறியாத பருவத்தில், இறந்துபோகும் இந்திர் தாகுருணைப் படத்தில் அவன் பள்ளி செல்லும் வயதுவரை வாழவைத்தார். எண்பது வயதை எட்டிய பழைய நாடக நடிகை சூனிபாலா தேவி அப்பாத்திரத்தில் நடித்ததைக் கண்டவர்கள் இம்மாற்றத்தைக் குறைகூறத் துணியமாட்டார்கள்.

இப்படம் பெற்ற வரவேற்பும் ஒரே தன்மையதாக இருக்கவில்லை. 1955ஆம் ஆண்டு ஆகஸ்டில் கல்கத்தாவில் வெளியானபோது தொடக்கத்தில் கூட்டம் குறைவாகவே இருந்து, பின்னர் வாய்மொழியாகப் பரவிய புகழால் அரங்கு நிறைந்தது. 1956இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த மானுட ஆவணம் என்னும் பரிசைப் பெற்றது. அதே விழாவில் பிரெஞ்சுத் திரை விமர்சகரும் பின்னாளைய இயக்குநருமான பிரான்சுவா த்ரூஃபோ பாதியில் எழுந்து சென்றதாக நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது. 1958இல் நியூயார்க்கில் திரையிடப்பட்டபோது அந்நகரின் முன்னணி நாளிதழ் விமர்சகர் பாஸ்லி க்ரௌதர், ஹாலிவுட்டில் இதனை முழுமைபெறாத முதற்படத்தொகுப்பாகக்கூட ஏற்கமாட்டார்கள் என்னும் பொருள்பட எழுதினார். ஆயினும் அதே நகரில் படம் மாதக்கணக்கில் ஓடியது. விமர்சகர் சலித்த இடத்தில் பார்வையாளர் சலிக்கவில்லை என்பதே இதிலிருந்து பெறப்படுவது.

வங்க வாசகர்களின் மனக்குறை வேறு வகையானது. அவர்கள் படம் மெதுவாக இருப்பதாக வருந்தவில்லை. நாவல் நின்று பார்த்த இடங்களில் படம் நிற்கவில்லை என்றே வருந்தினர். இவ்வகை முறையீடுகளுள் ஒன்று முற்றிலும் நியாயமானது. நாவலில் அபுவும் துர்காவும் ரயில் பாதையைத் தேடி ஓடிக் காணாமலேயே திரும்புகின்றனர். நோயில் கிடக்கும் துர்கா, குணமானபின் ஒருநாள் ரயிலைக் காட்டும்படி தம்பியிடம் கேட்கிறாள். அந்த ஆசை நிறைவேறாமலே இறந்துபோகிறாள். படத்திலோ, காஷ் என்று வங்கத்தில் வழங்கும் வெண்ணிற நாணற்பூக்களினூடே பிள்ளைகள் ஓட, கரும்புகை கக்கியபடி ரயில் வந்தேவிடுகிறது. உலகத் திரைப்பட நூல்கள் பலவற்றில் இடம்பெறும் காட்சி அது. முதல்நாள் படப்பிடிப்புக்குப் பின் நாணற்பூக்களை மாடுகள் மேய்ந்துவிட, அடுத்த பூக்கும் பருவம்வரை படக்குழு காத்திருந்த கதையும் புகழ்பெற்றது. எனினும் அழகான அக்காட்சிக்குக் கொடுத்த விலை, துர்கா ரயிலைக் காணாமலே போனாள் என்னும் துயரத்தை இழந்ததே. படத்தை எத்தனை போற்றுபவரும் இங்கே நாவலின் பக்கமே நிற்க வேண்டியிருக்கும்.

ஆனால் இந்த இழப்பை ஒன்றுக்குப் பத்தாக ஈடுசெய்யும் இடம் ஒன்று படத்தில் உண்டு. இவ்வுரை ஒலியின் வழியாகவே நேயர்களை அடைவதால், ஒலியாலேயே அமைந்த அக்காட்சியைப் பற்றிச் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பொருள்தேடி வெளியூர் சென்ற ஹரிஹர், மகள் இறந்த செய்தி அறியாமல் வீடு திரும்புகிறார். மழையில் சிதைந்த வீட்டின் முற்றத்தில் நின்றபடி தாம் வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார். இறுதியாகத் துர்காவுக்கென்று வாங்கிய சேலையைச் சர்வஜயாவிடம் நீட்டுகிறார். மகள் இறந்தது முதல் ஏறத்தாழ வாய்திறவாமலே இருந்துவந்த அவள் அப்போது உடைந்து கதறுகிறாள். நாவலிலும் இக்கட்டத்தில் அவள் வாய்விட்டு அலறுகிறாள். எழுத்தில் அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, செய்யவும் வேண்டியதில்லை.

படத்தில் கதறல் கேட்பதில்லை. நடிகை கருணா பானர்ஜியின் வாய் திறக்கிறது, முகம் கோணுகிறது, உடல் சரிகிறது. ஆனால் ஒலிப்பதிவிலிருந்து அவர் குரல் நீக்கப்பட்டு, அவ்விடத்தில் தார் ஷெனாய் ஒலிக்கிறது. தார் ஷெனாய் என்பது ஊதும் கருவியன்று. எஸ்ராஜ் போன்ற வில்லிசைக் கருவியில் கிராமபோனில் உள்ளது போன்ற உலோகக் குழலைப் பொருத்தி, நரம்பின் ஒலி ஷெனாய் போலக் கூர்மையாக வெளிப்படும்படி அமைத்தது. இசையமைப்பாளர் ரவிசங்கர், பெரும்பகுதி இசையை ஒரே இரவில் பதிவுசெய்து முடித்த அமர்வில், தட்சிணாமோகன் தாகூரை இக்கருவியில் படதீப் ராகத்தை உச்சத்தாயியில் வாசிக்கச் செய்தார். கர்நாடக இசையின் கௌரிமனோகரிக்குரிய சுரங்களைக் கொண்டது என்பதால் தமிழ்ச் செவிக்கும் அந்நியமாக ஒலிக்காத ராகம் அது.

குரல் நீக்கப்பட்டது, நரம்பு ஒலிக்கிறது என்பதே இக்காட்சியின் முழு நுட்பம் என்று எண்ணிவிடலாகாது. அதற்கு முன்னுள்ள நெடுநேரம் முழுவதும், காண்போர் சலிப்பு என்று குறைகூறும் அந்த நிதானம் முழுவதும், இந்த ஒரு நொடிக்காகவே செவியைப் பழக்கி வைத்திருக்கிறது. குளத்து நீரில் பூச்சிகள் துள்ளுவதையும், மிட்டாய்க்காரன் பின்னால் பிள்ளைகளும் நாயும் வரிசையாகச் செல்வதையும், மூதாட்டி நடுங்கும் கையால் நீர் ஊற்றிக்கொள்வதையும் அவசரமின்றிக் காட்டியதன்மூலம் ராய் காண்போரைச் சிறு ஒலிகளைக் கேட்கப் பழக்கியிருந்தார். அவ்வாறு பழகிய செவிதான், இருக்க வேண்டிய ஒலி இல்லாதபோது அதிர்கிறது. ஒன்றரை மடங்கு வேகத்தில் படத்தை ஓட்டுபவர்க்கு இக்காட்சி எட்டாது. தார் ஷெனாய் அவர்க்கு வழக்கமான சோகப் பின்னணி இசையாகவே கேட்கும். எழுத்தின் நிதானம் பொருள்களைச் சேர்த்துக்கொண்டு போகிறது. திரையின் நிதானம் செவியையும் கண்ணையும் ஆயத்தப்படுத்துகிறது. மீண்டும் சொன்னால், இரண்டும் ஒரே நிதானம் அல்ல.

இவ்வுரையாளர் அறிந்த மூத்த வாசகி ஒருவர், நாவலைப் பன்முறை படித்துத் தேர்ந்தவர், படத்தில் சர்வஜயாவின் கதறலைத் தம் காதாலேயே கேட்டதாக ஆண்டுக்கணக்கில் சாதித்துவந்தார். காட்சியை மீண்டும் போட்டுக் காட்டியபோதும், அது தமக்குக் கேட்டது உண்மையே என்றார். நாவலில் படித்த அலறலைப் படத்தின் மௌனத்துக்குள் அவர் செவி தானே நிரப்பிக்கொண்டது போலும். படம் நாவலைக் கெடுத்தது என்று சொல்பவர்களைவிட அவ்வம்மையாரே இரு படைப்புகளையும் சரியாக அணுகியவர் எனலாம்.

அபுவின் அகவுலகம் படத்தில் சுருங்கிவிட்டது என்னும் குற்றச்சாட்டும் உண்டு. கர்ணனுக்காக உருகிய சிறுவன், படத்தில் கூத்துப் பார்த்துவிட்டு வந்து மின்னும் தாளில் கிரீடம் செய்துகொள்ளும் சிறுவனாகக் குறைந்துவிட்டான் என்பது உண்மையே. அதற்கு விடை அளிக்க முயல்வதைவிட, அதற்காகவே நாவலைப் படிக்க வேண்டும் என்று கூறிவிடுவது நேர்மையானது.

படத்தின் மூல நெகட்டிவ் 1993இல் இலண்டன் ஆய்வகமொன்றில் ஏற்பட்ட தீயில் கடுமையாகச் சேதமுற்று, பெருமுயற்சியால் சீரமைக்கப்பட்டு 2015இல் புதிய பிரதியாக வெளிவந்தது. நேயர்கள் நாவலை முதலிலும், அதன்பின் இந்தப் பிரதியையும் தேடிக் காண்பார்களாக. காணும்போது படத்தை அதற்குரிய வேகத்திலேயே ஓடவிட்டு, ஹரிஹர் சேலையை நீட்டும் இடத்தில் வேறு எந்த ஓசையும் குறுக்கிடாதபடி பார்த்துக்கொள்வார்களாக.