ஊஞ்சல் கட்டும் முன்



இன்றைய பேச்சு ஊஞ்சலைப் பற்றியது. ஊஞ்சலைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது என்று சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது.

நம் நாட்டில் ஊஞ்சலுக்கென்றே பண்டிகைகள் உண்டு. ஒடிசாவில் ஜூன் மாத நடுவில் ரஜ பண்டிகை வரும். 3 நாள் பெண்கள் வேலைக்கு ஓய்வு கொடுத்து ஊஞ்சல் ஆடுவார்கள். ராஜஸ்தானிலும் அரியானாவிலும் தீஜ் பண்டிகைக்கு மரத்துக்கு மரம் ஊஞ்சல் தொங்கும். கேரளத்தில் ஓணத்துக்கு ஊஞ்சல் கட்டுவார்கள். இந்த மூன்றும் மழை பெய்யும் மாதங்களில் வருகின்றன. ஆடுவதற்கு அது நல்ல காலம். கயிற்றுக்கு அது கெட்ட காலம்.

தேங்காய் நார்க் கயிறும் சணல் கயிறும் நனைந்து நனைந்து உள்ளே இற்றுப் போகும். வெளியே பார்த்தால் தெரியாது. கயிற்றின் முறுக்கை இரண்டு கைகளாலும் பிரித்துப் பாருங்கள். உள்ளே நார் கறுத்திருக்கிறதா? தூளாக உதிர்கிறதா? அந்தக் கயிறு ஆடு கட்டக்கூட ஆகாது. நைலான் கயிறு தண்ணீரில் இற்றுப் போகாது. ஆனால் வெயில் அதைக் கெடுத்துவிடும். பளபளப்புப் போய்ப் பிசிறு எழுந்தால் மாற்றிவிட வேண்டும். நைலானில் முடிச்சு வழுக்கும். அதனால் இரண்டு முடிச்சாகப் போட்டு, ஒரு சாண் நுனி மிச்சம் விடுவது நல்லது.

கயிறு பெரும்பாலும் கிளையில் உராயும் இடத்தில்தான் அறும். அந்த இடம் தலைக்கு மேலே இருப்பதால் யாரும் பார்ப்பதில்லை. ஏணி வைத்து ஏறித்தான் பார்க்க வேண்டும். கிளையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றி, அதன் மேல் கயிற்றைக் கட்டினால் தேய்மானம் குறையும். கிளையின் சுற்றளவு 2 அடிக்குக் குறையக் கூடாது. பட்டுப்போன கிளை வேண்டாம். முருங்கை மரம் வேண்டவே வேண்டாம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 20 கிலோ எடையுள்ள பிள்ளை சும்மா உட்கார்ந்திருந்தால் கயிறு 20 கிலோ தாங்கினால் போதும். அதே பிள்ளை வெகு உயரம் போய்க் கீழே வரும்போது, கயிறு சுமார் 40 கிலோ தாங்க வேண்டும். பெரியவர்கள் இரண்டு பேர் பலகையில் எதிரெதிரே நின்று ஆடினால் 200 கிலோவையும் தொட்டுவிடும். ‘நேற்று தாங்கியதே’ என்ற பேச்சு இங்கே செல்லாது. நேற்று மெதுவாக ஆடியிருப்பார்கள்.

சில வீடுகளிலும் பள்ளிகளிலும் இரும்பு ஊஞ்சல் இருக்கிறது. அதில் சங்கிலி வளையம் வளையத்தோடு உரசும் இடம் தேயும். மேலே மாட்டும் கொக்கி மெல்ல வாய் திறக்கும். நட்டு தளரும். கால்கள் மண்ணைத் தொடும் இடத்தில்தான் துரு அதிகம். அங்கே மண்ணை விலக்கி, சுத்தியலால் தட்டிப் பாருங்கள். செதில் செதிலாக விழுந்தால் ஊஞ்சலைக் கழற்றி வைத்துவிட்டு, வெல்டிங் செய்பவரைக் கூப்பிடுங்கள். மாதம் ஒரு முறை பார்த்தால் போதும். மழைக்காலத்தில் வாரம் ஒரு முறை பார்க்க வேண்டும். டயர் ஊஞ்சலாக இருந்தால் அடியில் ஓட்டை போடுங்கள். இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு வளரும்.

கீழே சிமெண்டுத் தரையோ கல்லோ இருக்கக் கூடாது. ஒரு சாண் ஆழத்துக்காவது மணல் கொட்டுங்கள். கயிறு கட்டிய உயரம் 8 அடி என்றால் முன்னால் 16 அடி, பின்னால் 16 அடி வெறும் இடமாக இருக்க வேண்டும். கிணற்றுப் பக்கமும் மின்கம்பிப் பக்கமும் ஊஞ்சல் ஆகாது.

விழுந்த பிள்ளை வாந்தி எடுத்தாலோ, அசந்து தூங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும்.

கடைசியாக, சேலைத் தூளி. கைக்குழந்தை தூங்கக் கட்டிய தூளியில் பெரிய பிள்ளைகள் ஏறி ஆடுகிறார்கள். சுற்றிச் சுற்றி முறுக்குகிறார்கள். சேலை கழுத்தில் இறுகினால் பிள்ளையால் கத்த முடியாது. பக்கத்து அறையில் இருக்கும் தாய்க்குச் சத்தமே கேட்காது. இப்படிப் பிள்ளைகள் இறந்த செய்தி பல மாநிலங்களிலிருந்து பத்திரிகைகளில் வந்திருக்கிறது. கழுத்தில் துப்பட்டா போட்டுக்கொண்டு ஆடுவதிலும் இதே ஆபத்து உண்டு. குழந்தை விழித்ததும் தூக்கிக்கொள்ளுங்கள். சேலையை அவிழ்த்து மடித்துப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.