சுமையும் திறனும்

மடிக்கணினியின் விலையை வாங்குபவர் ஒருமுறைதான் கொடுக்கிறார். அதன் பாரத்தையோ நாள்தோறும் சுமக்கிறார். ஆகவே, அதன் அளவைத் தெரிவு செய்வது தோளையும் கண்ணையும் பணப்பையையும் ஒருங்கே தொடும் வினாவாகும்.

1981ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒஸ்போர்ன் 1 என்னும் கணினி விற்பனைக்கு வந்தது. கையில் தூக்கிச் செல்லத்தக்கது என்று அது கொண்டாடப்பட்டது. அதன் நிறை ஏறத்தாழ 11 கிலோகிராம். திரையோ 5 அங்குலம். சுமந்தது மிகுதி, கண்டது சொற்பம். இன்று ஒன்றரைக் கிலோகிராமுக்கும் குறைந்த கருவியில் 14 அங்குலத் திரை அமைந்துவிடுகிறது. எனினும், சுமைக்கும் திறனுக்கும் இடையிலான வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை.

கடைகளில் கூறப்படும் அங்குலக் கணக்கு திரையின் மூலைவிட்டத்தைக் குறிப்பது. 13.3 அங்குலத்துக்கும் 15.6 அங்குலத்துக்கும் வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால், நீள அகல விகிதம் ஒன்றாயின், பின்னதன் பரப்பு முன்னதிலும் நூற்றுக்கு ஏறக்குறைய 38 பங்கு கூடியது. நெடிய கணக்கேடுகளைப் பார்வையிடுவோர்க்கு இப்பரப்பு பேருதவி. அதற்கு ஈடாகச் சுமையும் ஏறும். 13, 14 அங்குலக் கருவிகள் பல 1.2 முதல் 1.5 கிலோகிராம் வரை நிறையுடையன, 15.6 அங்குலத்தன பல 2 கிலோகிராமை நெருங்குவன. மின்னூட்டியின் நிறை இதற்குப் புறம்பு.

பெரிய கருவியே வேகமானது என்னும் எண்ணம் முற்றிலும் சரியன்று. வேகத்தைத் தருவன செயலியும் நினைவகமும் சேமிப்பகமுமே. ஆயினும் ஒரு தொடர்பு உண்டு. செயலி உழைக்கும்போது வெப்பம் பிறக்கிறது. பெரிய உடலில் அதனை வெளியேற்றும் விசிறிக்கு இடம் உண்டு. மெல்லிய உடலில் அவ்விடம் சுருங்குகிறது. வெப்பம் எல்லையை எட்டியதும் செயலி தன் வேகத்தைத் தானே தணித்துக்கொள்ளும். கடிதம் எழுதுவோர் இதனை உணரார். நெடுநேரம் காணொளி தொகுப்போர் நன்கு உணர்வர். மேலும், மெல்லிய கருவிகள் பலவற்றில் நினைவகம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். பின்னர் கூட்ட இயலாதாகையால், வாங்கும்போதே போதிய அளவு கேட்டுப் பெறுதல் வேண்டும்.

ஒரே விலைக்கு இரண்டு கருவிகள் கிடைக்குமாயின், பெரியதே இலாபம் என்று பெற்றோர் கருதுவதுண்டு. பேருந்தில் நின்று பயணம் செய்யும் மாணவிக்கு அந்த இலாபம் சில கிழமைகளில் பாரமாகிவிடும். கணினி வீட்டு மேசையிலேயே தங்கும். விரிவுரை மண்டபத்தில் அவள் கைத்தொலைபேசியின் சிறுதிரையோடு போராடுவாள். அவளுக்கு 14 அங்குலமே தக்கது. வீட்டில் பெருந்திரை தேவையாயின், தனித்திரை ஒன்றைப் பின்னர் இணைத்துக்கொள்ளலாம். மேசையைவிட்டு அரிதாகவே நகரும் கணக்காளருக்கோ 15.6 அங்குலம் ஏற்றது. எண்களுக்கான தனி விசைத்தொகுதியும் பெரும்பாலும் அவ்வளவில்தான் அமையும்.

கடைக்குச் செல்வோர் வழக்கமாகச் சுமக்கும் பையைப் புத்தகங்களுடன் எடுத்துச் செல்வது நன்று. கருவியை அதனுள் வைத்துத் தோளில் மாட்டிச் சிறிது நடந்து பார்க்கட்டும்; பின்னர் திரையில் ஒரு பக்கம் வாசித்து, விசைப்பலகையில் ஒரு பந்தி எழுதிப் பார்க்கட்டும். தோளும் கண்ணும் விரலும் ஒருங்கே இசையும் அளவே அவரவர்க்கு உரிய அளவாகும்.