பேசியவர்கள் பட்டியல்

தலைவர் அவர்களே, பெற்றோர்களே, ஆசிரியப் பெருமக்களே, முன்னால் விரிப்பில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் பிள்ளைகளே!

நம் வகுப்பறைகளில் லீடர் என்று ஒரு பிள்ளை உண்டு. வாத்தியார் வெளியே போகும்போது அதன் கையில் சாக்பீஸைக் கொடுப்பார். எதற்கு? "பேசுறவங்க பேரை போர்டுல எழுதி வை." மறுபடியும் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி. வாத்தியார் திரும்பி வந்ததும் பட்டியல்படி பூசை! பிள்ளைகளின் தலைவனுக்கு நாம் கொடுக்கிற முதல் அதிகாரமே, பேசியவனைக் காட்டிக்கொடுக்கும் அதிகாரம்.

அந்த லீடர் வளர்ந்து எஸ்.பி.எல்., அதாவது பள்ளி மாணவர் தலைவன், ஆகிறான். பேட்ஜ் குத்திக்கொண்டு காலை வழிபாட்டில் 'அட்டென்ஷன்' சொல்கிறான். விருந்தினர் வந்தால் பூங்கொத்து நீட்டுகிறான். அவனைத் தேர்ந்தெடுத்தது யார்? ஹெச்.எம். எதை வைத்து? மார்க்கை வைத்து, உயரத்தை வைத்து, குரலை வைத்து. கேட்டால், எங்கள் பள்ளியில் மாணவர் மன்றம் இருக்கிறது என்கிறார்கள்!

"சின்னப் பிள்ளைகளுக்கு என்னங்க தெரியும்?" பிள்ளைகளே தேர்ந்தெடுக்கும் மன்றம் வேண்டும் என்று கேட்டால், எனக்கு வரும் முதல் பதில் இதுதான். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பது யாருக்குத் தெரியும், சொல்லுங்கள். ஆய்வுக்கு வரும் அதிகாரி, கட்டடம் இருக்கிறதா என்று எட்டிப் பார்த்து, 'ஆம்' என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். தோழி ஒருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடித்தால்தான் உள்ளே போக முடியும் என்பது எட்டாம் வகுப்புப் பெண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கூச்சத்துக்குப் பயந்து காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிறாள். கொடுத்தனுப்பிய பாட்டில் அப்படியே திரும்பி வருகிறதே என்று மகளைத் திட்டிய தாய்மார்கள் இந்தக் கூட்டத்திலேயே இருப்பீர்கள். சில நூறு ரூபாயில் முடிகிற வேலை அம்மா அது! அதைச் சொல்ல அவளுக்கு ஓர் இடம் இல்லை, அவ்வளவுதான். பள்ளி விடுவதற்குப் பத்து நிமிடம் முன்னாலேயே போய்விடும் டவுன் பஸ்ஸைப் பற்றியும், கணக்குப் பாடம் விழுங்கிய பி.டி. பீரியடைப் பற்றியும் அவர்களைக் கேளுங்கள். புள்ளிவிவரத்தோடு சொல்வார்கள்.

சட்டம் இடம் கொடுக்கவில்லையா? குழந்தையைப் பாதிக்கும் விஷயத்தில் குழந்தையின் கருத்தைக் கேட்க வேண்டும் என்கிறது 1989இன் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, 12ஆம் பிரிவு. 1992இல் இந்தியா அதை ஏற்றது. ஜெனீவா வரைக்கும் போக வேண்டாம் என்கிறீர்களா? கல்வி உரிமைச் சட்டத்துக்கு மத்திய அரசு 2010இல் வெளியிட்ட விதிகளைப் புரட்டுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர். மீதியில் மூன்றில் ஒரு பங்கு உள்ளூர்க் கல்வியாளர் அல்லது அந்தப் பள்ளியின் பிள்ளைகள். யார் என்று முடிவு செய்வது குழுவில் இருக்கும் பெற்றோர். பிள்ளைகள் என்று அச்சிலேயே இருக்கிறது ஐயா! நாம்தான் கல்வியாளரோடு நிறுத்திக்கொண்டோம். அந்த நாற்காலியில் பெரும்பாலும் யார் உட்காருகிறார் என்று நான் சொன்னால் மேடையில் இருக்கும் சிலருக்கு வருத்தம் வரும். விடுங்கள்.

தமிழ்நாடு அரசு 2024இல் பள்ளிகளில் மகிழ் முற்றம் என்ற திட்டத்தைக் கொண்டுவந்தது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று பிள்ளைகளைக் குழுக்களாகப் பிரித்தார்கள். நல்ல காரியம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் முல்லைக் குழு எத்தனை புள்ளி வாங்கினாலும், ஏன் தாழ்ப்பாள் போடவில்லை என்று கேட்கும் உரிமை அதில் வந்து சேராது.

"தேர்தல் வைத்தால் அரசியல் வரும், சாதி வரும்." இதுதான் அடுத்த பூச்சாண்டி. கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்துப் பிள்ளைகள் பிரிந்து நின்றார்களே, அது எந்தத் தேர்தலால் வந்தது? 2023இல் நாங்குநேரியில், சக மாணவனின் வீடு புகுந்து வெட்டினார்களே, அங்கே ஓட்டுப்பெட்டியா இருந்தது? வாய் மூடிய பள்ளிக்குள்தான் சாதி சௌகரியமாகக் குடியிருந்தது. பெரும்பான்மை சாதிப் பையனே ஜெயிப்பான் என்ற பயம் நியாயம்தான் என்றால், அதற்கு வழி பண்ணுங்கள். ரகசிய வாக்கு வையுங்கள். வகுப்புக்கு ஓர் ஆண், ஒரு பெண் என்று வையுங்கள். பதவி ஒரு பருவத்துக்கு மட்டும், அடுத்த பருவம் வேறு பிள்ளைக்கு என்று வையுங்கள். 1989இல் வாக்குரிமை வயதை 21இலிருந்து 18 ஆக்கினோம். பிளஸ் டூ முடித்த கையோடு ஓட்டுப் போடு என்கிறோம். அதுவரை பன்னிரண்டு வருஷம் 'வாயில் விரலை வை' என்றல்லவா சொல்லிக்கொடுத்தோம்!

ஆசிரிய நண்பர்களின் முகத்தில் ஒரு கலக்கம் தெரிகிறது. இது உங்கள் மீது புகார் வாசிக்கும் மன்றம் அல்ல. தனிப்பட்ட கொடுமையைச் சொல்ல 1098, 14417 என்ற உதவி எண்கள் இருக்கின்றன. மன்றம் பொது விஷயத்துக்கு: தண்ணீர், கழிப்பறை, விளையாட்டு, பஸ், நூலக நேரம்.

நான் கேட்பது ஒரு நோட்டுப் புத்தகம். மாதம் ஒரு கூட்டம். பேசியதைப் பிள்ளைகளே அதில் எழுத வேண்டும். பதினைந்து நாளுக்குள் ஹெச்.எம். அதே பக்கத்தில் பதில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். முடியும் என்றால் எப்போது, முடியாது என்றால் ஏன். இந்தக் கையெழுத்து இல்லாத மன்றத்துக்கு பேட்ஜ் செலவுகூட தண்டம். அந்த நோட்டோடு இரண்டு பிள்ளைகள் மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார வேண்டும். விரிப்பில் அல்ல.

தீர்மானம் எழுதித் தலைவரிடம் கொடுத்திருக்கிறேன். அவர் வாசிக்கட்டும். எதிர்ப்பவர்கள் தயவுசெய்து எழுந்து, பிள்ளைகள் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்லுங்கள்.