ஆங்கிலத் தேர்வும் எல்லையூர்ப் பிள்ளைகளும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆங்கிலப் பாடத்தைத் தேர்வுக்கு முன் எவ்வாறு திருப்பிப் படிப்பது என்பது பற்றிச் சில சொற்கள் கூறுமாறு செயலாளர் அவர்கள் என்னைப் பணித்தார்கள். ஆட்டமும் பாட்டும் காண வந்தோரிடம் தேர்வைப் பற்றிப் பேசுவது, கல்யாண வீட்டில் கடன் கணக்கைப் பேசுவது போன்றது. ஆயினும் பேசியே ஆகவேண்டிய கணக்கு இது.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளன்று தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. பாறசாலையில் ஏறினால் சில நிமிடங்களில் களியக்காவிளையில் இறங்கிவிடலாம். உறவும் சந்தையும் இருபுறமும் ஒன்றே. ஆனால் பாடநூல் வேறு, தேர்வு வேறு. மார்த்தாண்டத்திலிருந்து வரும் மாமா, மருமகன்மேல் உள்ள அன்பினால் தடித்த ஆங்கில வழிகாட்டி நூலொன்றை வாங்கி வருகிறார். அது தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்துக்கு உரியது. பிள்ளையோ ஒரு மாதம் அதில் மூழ்கிக் கிடந்து, தன் தேர்வில் இல்லாத பாடங்களை நெட்டுருச் செய்கிறான். வாங்குமுன் அட்டையைப் பாருங்கள் என்பதே எனது முதல் வேண்டுகோள்.

தேர்வின் வடிவத்தைப் பெற்றோரும் அறிந்திருத்தல் நன்று. கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. ஆங்கில எழுத்துத் தேர்வுக்கு 80 மதிப்பெண்; எழுத இரண்டரை மணி நேரம்; பள்ளியில் ஆண்டு முழுவதும் இடப்படும் மதிப்பீட்டுக்கு 20 மதிப்பெண். எழுதத் தொடங்குமுன் வினாத்தாளைப் படித்துப் பார்க்கவென்றே 15 நிமிடம் தனியாகத் தரப்படுகிறது. இந்தப் பதினைந்து நிமிடத்தின் அருமையை அறிந்த பிள்ளைகள் மிகச் சிலரே.

அதன் அருமையை நானும் மிகத் தாமதமாகவே அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன், கூலி வேலை செய்து பிழைக்கும் குடும்பத்துப் பெண்ணொருத்தி என்னிடம் மாலையில் படிக்க வந்தாள். ஆர்வ மிகுதியால் நான் பத்துக் கட்டுரைகளையும் கடிதங்களையும் எழுதிக் கொடுத்து, ஒரு புள்ளி பிசகாமல் மனப்பாடம் செய்யச் சொன்னேன். செய்தாள். வினாத்தாளில் கதைமாந்தர் ஒருவரின் நாட்குறிப்பை எழுதுமாறு கேட்டிருந்தார்கள். அவளோ தோழிக்கு எழுதும் கடிதத்தை அழகிய கையெழுத்தில் எழுதி வைத்துவிட்டு வந்தாள். தேறினாள், ஆனால் தரநிலை இறங்கிற்று. பிளஸ் ஒன் வகுப்பில் அவள் விரும்பிய பிரிவு கிடைக்கவில்லை. "சார், நீங்க தந்ததத்தானே எழுதினேன்" என்று அவள் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடை இல்லை. அன்றிலிருந்து எவருக்கும் கட்டுரை எழுதிக் கொடுப்பதில்லை. நாட்குறிப்பு, செய்தி அறிக்கை, ஒருவரைப் பற்றிய வாழ்க்கைக் குறிப்பு, உரையாடல், கவிதை நயம் என்று வடிவங்களைக் காட்டுகிறேன்; பிள்ளைகளே எழுதுகிறார்கள். பிழையோடுதான் எழுதுகிறார்கள். எழுதட்டும்.

பிழைகளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நம் பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் மலையாளமும் பேசி வளர்கிறவர்கள். இவ்விரண்டும் உடன்பிறந்த மொழிகள். "நான் நாளைக்கு வருவேன் என்று அப்பா சொன்னார்" என்கிறோம். அப்பாவின் சொல்லை அப்படியே வைத்து 'என்று' என ஒரு முடிச்சுப் போட்டால் போதும். மலையாளத்திலும் 'என்னு' என்னும் முடிச்சே. ஆங்கிலத்தில் இந்த முடிச்சு செல்லாது. "ஹி செட் தட் ஐ வில் கம் டுமாரோ" என்று பிள்ளை எழுதினால், வரப்போகிறவர் அப்பா அல்லர், பிள்ளையே என்றாகிவிடும். "ஹி செட் தட் ஹி வுட் கம் த நெக்ஸ்ட் டே" என்பதே சரி. ஆளும் மாறுகிறது, காலமும் பின்னே நகர்கிறது, நாளையும் மறுநாளாகிறது. தேர்வில் பிறர் கூற்றை மாற்றி எழுதும் வினா தவறாது வரும். மூன்று மாற்றங்களையும் விரல்விட்டு எண்ணிச் சரிபார்க்கும் பழக்கம் இருந்தால் அந்த மதிப்பெண் கைவிட்டுப் போகாது. 'மேசை மேல்' என்று நாம் பின்னே வைப்பதை அவர்கள் 'ஆன் த டேபிள்' என்று முன்னே வைப்பதும் இத்தகையதே. பிள்ளை தவறுவது அறிவின்மையால் அன்று; தாய்மொழியின் தடத்தில் நடப்பதால்.

இனி இலக்கியம். பத்தாம் வகுப்புப் பாடநூல் 2025இல் மாறிற்று. அதற்குமுன் பல ஆண்டுகள் அந்நூலில் இருந்த இரு கதைகளை இங்குள்ள அண்ணன்மாரும் அக்காமாரும் அறிவார்கள். ஒன்று வைக்கம் முகம்மது பஷீரின் 'பாம்பும் கண்ணாடியும்'. கண்ணாடியில் தன் அழகைப் பார்த்து மகிழ்ந்திருந்த மருத்துவரின் கையில் பாம்பு வந்து சுற்றிக்கொள்ளும் கதை. மற்றொன்று ரஷ்யாவின் செகாவ் எழுதிய 'வான்கா'. செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், தன்னை அழைத்துப் போகுமாறு தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். உறைமேல் "கிராமத்திலுள்ள தாத்தாவுக்கு" என்று எழுதிப் பெயரை மட்டும் சேர்த்து அஞ்சற்பெட்டியில் போடுகிறான். முகவரி இல்லை. இக்கதையை உணர்ந்து படித்த பிள்ளை, கடித வினாவில் முகவரி எழுத மறப்பானோ?

ஆங்கிலம் அறியாத தாய்மார்கள் "எங்களால் என்ன செய்ய முடியும்?" என்று கேட்கிறார்கள். நிறையச் செய்ய முடியும். புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி, "இன்றைக்குப் படித்த கதையைத் தமிழில் சொல்" என்று கேளுங்கள். அடுத்த வாரம் மீண்டும் அதே கதையைக் கேளுங்கள். திறந்த புத்தகத்தைப் பத்து முறை பார்ப்பதைவிட, மூடிய புத்தகத்தை இடைவெளி விட்டு நினைவுகூர்வதே மனத்தில் நிற்கும். தமிழில் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு ஆங்கிலத்தில் எழுதப் பொருள் இருக்கும். மற்றவனுக்குச் சொற்கள் மட்டுமே இருக்கும்.

இது புதுவழியும் அன்று. திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பேராசிரியராக இருந்த சுந்தரம் பிள்ளை, லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவி 1891இல் 'மனோன்மணீயம்' நாடகத்தைத் தந்தார். தேரூரில் பிறந்த கவிமணி, எட்வின் ஆர்னால்டின் ஆங்கில நூலைத் தழுவி 'ஆசிய ஜோதி' பாடினார். இருவரும் ஆங்கிலம் கற்றது தமிழை மூட்டை கட்டி வைத்துவிட்டு அன்று.

இறுதியாகச் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். தை முதல் தேர்வு முடியும்வரை, மாலை ஆறரை முதல் எட்டரை வரை இம்மண்டபத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டு நீண்ட மேசைகளும் நல்ல விளக்கும் போதும். பழைய வினாத்தாள்களை நான் கொண்டுவருகிறேன். கல்லூரியில் பயிலும் நம் பிள்ளைகள் இருவர் வாரம் மூன்று நாள் வர ஒப்பியிருக்கிறார்கள். சாவியை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மட்டும் இன்று கலையுமுன் முடிவு செய்துவிடுங்கள்.